ராயா குர்விச் எழுத்துப் படித்த கோடை

ராயா குர்விச் எங்களிடம் வேன் ஓட்ட வந்தது 1991 கோடையில். அதற்கு முன் சோவியத் நாட்டில், மின்ஸ்க் நகரில், இருபத்து நான்கு வருடம் மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டியவர். எங்கள் முகாமை நடத்திய யூத மதகுரு ரபி நாட்லர் நேர்காணல் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. மலைச்சாலையில் ஓட்டுவீர்களா என்று மட்டும் கேட்டார்.

“பனியில, தலைக்கு மேல கம்பியில மாட்டிக்கிட்டு, நூறு பேரை ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன். இங்க கம்பிகூட இல்ல,” என்றார் ராயா.

வேலை கிடைத்தது.

எங்கள் முகாம் அமெரிக்காவில் கேட்ஸ்கில் மலையில், ஒரு காலத்தில் ஓட்டலாக இருந்த கட்டடத்தில் நடந்தது. கல்லூரியில் படிக்கும் யூதப் பெண்கள் கோடை விடுமுறையில் ஐந்து வாரம் வந்து தங்குவார்கள். தாங்கள் யூதர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் என்ன என்று தெரியாது. வருடத்துக்கு ஒருநாள் நோன்பு இருந்த ஞாபகம் சிலருக்கு உண்டு. சிலருக்கு அதுவும் கிடையாது. காலையில் எபிரேய எழுத்து, பிறகு தோரா என்னும் வேதம், மதியம் யூத மதச் சட்டமும் வரலாறும். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சபாத் என்னும் ஓய்வுநாள். நான் காலையில் எழுத்து வகுப்பு எடுப்பேன், மதியத்தில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

ராயாவின் வேலை, பஸ் நிறுத்தத்திலிருந்து பெண்களை அழைத்து வருவது, சந்தைக்குப் போவது, யாருக்காவது காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போவது. ஆனால் பெண்களுக்கு அவர்மேல் தனி மரியாதை இருந்தது. ரபியும் அவரும் சாப்பாட்டு மேசையில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழியான இத்திஷில் மடமடவென்று பேசிச் சிரிப்பார்கள். நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் வாழ்ந்து பார்த்தவர் இவர்தான் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்பாள்.

“சோவியத் காலத்துல எப்படி உங்க யூத அடையாளத்தைக் காப்பாத்திக்கிட்டீங்க?”

“நான் எங்க காப்பாத்தினேன். பாஸ்போர்ட்ல அஞ்சாவது வரியில யூதர்னு அடிச்சுக் குடுத்துட்டாங்க. நான் தொலைக்கலாம்னு பாத்தாலும் அவங்க விடல.”

பெண்கள் இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சபாத் தொழுகையில் ராயா பெண்களுக்கான பகுதியில் கடைசி வரிசையில் உட்காருவார். கையில் புத்தகம், அசையும் உதடு, நிதானமாகத் திரும்பும் பக்கங்கள். ஏழு கோடைகள் அப்படியே போயின. நான் முன்வரிசையில் இருந்தேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

1998இல் ஒஹாயோவிலிருந்து ஜோஸ்லின் ஆடல்மன் வந்தாள். கணக்கியல் இரண்டாம் வருடம். வாய் கொஞ்சம் நீளம். கல்லூரி விடுதியில் உடன் தங்கியிருந்த பெண் ஒருநாள், “நீங்கல்லாம் என்ன நம்பறீங்க?” என்று கேட்டாளாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் சொல்ல ஜோஸ்லினிடம் ஒன்றும் இல்லை. அதனால் விண்ணப்பம் போட்டேன் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

தெரியாது என்று வகுப்பில் சொல்ல அவள் கூச்சப்படவில்லை. தொழுகையில்தான் கூச்சம் வந்தது. ரபி அவ்வப்போது பக்க எண் சொல்வார். ஆனால் கடைசி வரிசையில் இருந்தவை பழைய ஓட்டல்காரர்கள் விட்டுப்போன புத்தகங்கள், அவற்றின் பக்கங்கள் வேறு. ஜோஸ்லின் ஒரு வழி கண்டுபிடித்தாள். ராயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பக்கம் திருப்பும்போது தானும் திருப்பினாள்.

முதல் சபாத் அப்படிப் போனது. இரண்டாவது சபாத்துக்குள் அவளுக்குப் பதினைந்து எழுத்து தெரிந்துவிட்டது. முன்னால் எல்லோரும் உரக்கச் சொன்ன வார்த்தை ஒன்றைத் தன் பக்கத்தில் தேடினாள். இல்லை. பக்கத்தின் மேலே ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தலைப்பு இருந்தது. ஆண் குழந்தையின் விருத்தசேதன விருந்து முடிந்தபின் சொல்ல வேண்டியது என்று போட்டிருந்தது. ராயாவின் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அதே பக்கம்.

தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது ராயாவைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

“ராயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?”

“கேளு.”

“நீங்க திருப்பறப்ப நான் திருப்பினேன். நீங்க எதைப் பாத்துத் திருப்பினீங்க?”

ராயா தாழ்வாரத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு சொன்னார், “உன்னைப் பாத்து.”

ஜோஸ்லின் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ராயா சிரிக்கவில்லை.

“யார்கிட்டயும் சொல்லாத.”

“இதுல என்ன இருக்கு? இங்க பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது.”

“நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கீங்க. நான் ஏழு வருஷமா தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணா?”

“இத்திஷ் அவ்வளவு பேசறீங்களே. அதையும் இதே எழுத்துலதானே எழுதறாங்க?”

“வாயில பேசறேன். எங்க ஊர்ல இத்திஷ் பள்ளிக்கூடத்தை எல்லாம் மூடும்போது எனக்கு ஒரு வயசு. யார் சொல்லிக் குடுப்பா?”

“அப்ப திங்கக்கிழமை எழுத்து வகுப்புக்கு வாங்க. ஒன்பது மணிக்கு வேனுக்கு வேலை இல்லை. சாக்குச் சொல்லாதீங்க.”

இதெல்லாம் ஜோஸ்லின் பிற்பாடு எனக்குச் சொன்னது. நான் கண்டது வேறு. திங்கட்கிழமை காலை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ராயா ஒரு வாளியும் துணியுமாக வந்து ஜன்னல் துடைக்க ஆரம்பித்தார். வகுப்பு முடியும்வரை துடைத்தார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். புதன்கிழமையும் அதே ஜன்னல். துணி கண்ணாடியில் ஓடியது, கண் பலகையில் இருந்தது. ஜோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ராயா, ஜன்னல் சுத்தமாயிடுச்சு. உக்காருங்க,” என்று இத்திஷில் சொன்னேன்.

அவர் வாளியை ஓரமாக வைத்துவிட்டு ஜோஸ்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “ரபிக்குத் தெரியவேண்டாம், பெய்லா,” என்றார். நான் சொல்லவில்லை. ரபிக்கு முன்பே தெரியும் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தபோது அதையும் அவரிடம் சொல்லவில்லை.

கற்றுக்கொள்வது ராயாவுக்குச் சுலபமாக இல்லை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் தாலெத் எழுத்துக்கும் ரெய்ஷ் எழுத்துக்கும் வித்தியாசம் பிடிபடவே ஒரு வாரம் ஆனது. பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தில் ஜோஸ்லின் வேனில் உட்கார்ந்து அட்டைகளைக் காட்டுவாள்.

“இது தாலெத் இல்ல, ரெய்ஷ். முதுகு வளைஞ்சிருக்கு பாருங்க.”

“என் முதுகும்தான் வளைஞ்சிருக்கு. என்னை யாராவது ரெய்ஷுன்னு கூப்பிடறாங்களா?”

“பதினெட்டு சக்கரம் வச்ச லாரி தூரத்துல வந்தா என்ன லாரின்னு சொல்றீங்க. இது தெரியலையா?”

“லாரி மேல வந்து இடிக்கும். இந்த எழுத்து யாரை இடிக்குது?”

நான்காம் வாரக் கடைசியில் அவர் அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினார். பழைய டிராலி பஸ் ஓட்டுநர் அட்டையின் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். முக்கோணமாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. போர்முனையிலிருந்து வந்த கடிதம்.

ராயாவின் அப்பா ஹிர்ஷ் பாப்ருய்ஸ்க் ஊரில் சேணம் தைப்பவர். 1941இல் படைக்குப் போனார். அம்மா பாஸ்யா நாலு வயது ராயாவைத் தூக்கிக்கொண்டு சரக்கு ரயிலில் உரால் மலைப்பக்கம் போனார். அங்கே அப்பாவிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. இரண்டு தொலைந்துபோயின. இது 1943 வசந்தத்தில் எழுதியது. அடுத்து வந்தது இறந்த செய்தி.

“அம்மா இதை எனக்கு எத்தனையோ தடவை படிச்சுக் காட்டியிருக்கா. ஆனா ஒரு இடம் வந்தா நிறுத்திடுவா. மிச்சம் உனக்கு இல்லன்னு மடிச்சு வச்சிடுவா. அறுபத்தொண்ணுல ஒருநாள் வேலைக்குப் போனவ திரும்பி வரல. அங்கேயே மயங்கி விழுந்து போயிட்டா. கேக்க நேரமில்ல.”

“யார்கிட்டயாவது குடுத்திருந்தா படிச்சுச் சொல்லியிருப்பாங்களே.”

“அம்மா எனக்கே சொல்லாததை ஊர்க்காரங்க வாயால கேக்கச் சொல்றியா?”

முப்பத்தேழு வருடம் அந்தத் தாளை வைத்திருந்திருக்கிறார். இப்போது தானே படித்துவிடலாம் என்று நினைத்து முந்தின நாள் பிரித்திருக்கிறார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

“இது நீ சொல்லிக் குடுத்த எழுத்தே இல்ல, பெய்லா.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தது அச்செழுத்து. கடிதம் கையெழுத்தில் இருந்தது. இரண்டும் பார்வைக்கு வேறு வேறு. முன்பே சொல்லியிருக்க வேண்டும். மேலே இருந்த இரண்டு வரியைப் பார்த்தேன். கையெழுத்து எனக்குத் தெரியும், ஆனாலும் தடுமாறினேன். அவருடைய அப்பா படித்தது சோவியத் பள்ளியில். இத்திஷில் கலந்திருக்கும் எபிரேயச் சொற்களைக்கூட அங்கே காதில் விழுகிறபடிதான் எழுதுவார்கள். புத்தக எழுத்துக்குப் பழகிய என் கண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் தப்பாகத் தெரிந்தது.

“வேண்டாம், நிறுத்து,” என்று ராயா தாளை எடுத்துக்கொண்டார். “உனக்கே திணறுதே.”

“நீங்க திணற மாட்டீங்க. சத்தம் போட்டுப் படிச்சாலே போதும். காதுக்குப் புரிஞ்சிடும்,” என்றேன். அச்செழுத்துக்கு எதிரே கையெழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். அதை அவர் வேனில் வெயில் மறைக்கும் பலகையில் செருகிவைத்தார்.

ஐந்தாம் வாரம் ஜோஸ்லினுக்குக் கடைவாய்ப் பல் வலி. ராயா அவளை லிபர்ட்டி ஊரில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஊசி போட்டு அடைத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே போன பெண்கள் திரும்பும் பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வேனை மரத்தடியில் நிறுத்தினார். ஜோஸ்லினுக்குப் பாதி முகம் மரத்திருந்தது, பேச வரவில்லை. ராயா கடிதத்தை எடுத்தார்.

ஜோஸ்லினுக்கு எழுத்து தெரியும், இத்திஷ் தெரியாது. ராயாவுக்கு இத்திஷ் தெரியும், எழுத்துதான் தள்ளாட்டம். ராயா ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுச் சேர்ப்பார். ஜோஸ்லின் பலகையில் இருந்த தாளோடு ஒப்பிட்டு, சரி என்றால் தலையாட்டுவாள், தப்பு என்றால் விரலால் தட்டுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. ராயாவுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

முதல் பாதி அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான். கால் நனைந்தே இருக்கிறது, கம்பளிக் காலுறை அனுப்ப முடியுமா, படைக்குதிரை ஒன்றுக்குத் தன் கையால் சேணம் தைத்தேன், குழந்தைக்குப் பால்பல் விழுந்துவிட்டதா. அதற்குப் பிறகு அம்மா நிறுத்துகிற இடம் வந்தது. அங்கிருந்து ஐந்து வரிக்கு அரைமணிக்கு மேல் ஆனது.

“பாஸ்யா, நான் திரும்பி வரலைன்னா தனியா இருக்காத. லேசரைக் கட்டிக்கோ. எனக்கு முன்னாடி உன்னைப் பொண்ணு கேட்டவன் அவன்தான். அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்க. நல்லவன். குழந்தை முதல்ல சிணுங்கும், அப்புறம் பழகிடும்.”

லேசர் என்ற பெயர் ராயாவுக்கு நன்றாகத் தெரியும். தகரவேலைக்காரர். போர் முடிந்து பாப்ருய்ஸ்க் திரும்பியபின் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். ஒட்டுப்போட்ட கெட்டில், புனல் என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பார். அம்மா அவர் வருகிற நாளில் தலையைச் சீராக வாரிக்கொள்வார். ராயாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் இருக்கும்போது சாப்பிட மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்க அப்பா வருவார், நீ போ என்று கத்தி, அவர் கொண்டுவந்த கெட்டிலை மாடிப்படியிலிருந்து அவரைப் பார்த்து வீசினாள். அம்மா அவளை அடிக்கவில்லை. லேசரை வாசல்வரை கொண்டுவிட்டு ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் அவர் வரவில்லை. அடுத்த வசந்தத்தில் ஊரைவிட்டே போய்விட்டார். அம்மா இன்னும் பதினான்கு வருடம் தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்து தனியாகவே இருந்தார்.

வேனில் ராயா தாளை மடித்து உறைக்குள் வைத்தார். ஜோஸ்லின் கோணிய வாயோடு, “நல்ல சேதியா?” என்று கேட்டாள்.

“காலுறை கேட்டிருக்கார்.”

“அவ்வளவுதானா?”

“போர்ல காலுறை சின்ன விஷயம் இல்ல.”

அன்று வேனைக் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினார். ஏழு வருடத்தில் அவர் அப்படி நிறுத்தியதே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மறுநாள் காலை சமையலறையில் நான் தேநீர் போடும்போது வந்து உட்கார்ந்தார். ஜாமைக் கரண்டியில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“அம்மா மறைச்சது ஏதோ அசிங்கமா இருக்கும், இல்லேன்னா அரசியலா இருக்கும்னு நினைச்சிருந்தேன். நான்தான் அது.”

“உங்களுக்கு ஒன்பது வயசு, ராயா.”

“வயசு எனக்குத் தெரியும்.” தேநீரைக் குடித்தார். “அப்பா எழுதினதுல ஒண்ணுதான் தப்பு. பழகிடும்னு எழுதிட்டார்.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். நேராக ரபி நாட்லரிடம் போய், செத்துப்போனவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியுமா என்று கேட்டார். சட்டத்தில் வழி இருக்கிறது என்றார் ரபி. பத்து யூத ஆண்களைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் கேட்க வேண்டும். தூரமாக இருந்தால் ஆள் அனுப்பலாம்.

“ஆள் அனுப்பறதா. நான் வீசின கெட்டில்,” என்றார் ராயா.

அந்த செப்டம்பரில், மன்னிப்பு நோன்புக்கு இரண்டு வாரம் முன்னால், அவர் பாப்ருய்ஸ்க் போனார். சிகாகோவில் இருக்கும் மகன் போனில் சத்தம் போட்டானாம், இந்த வயதில் தனியாக எதற்கு என்று. அவனிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அங்கே பத்து யூத ஆண்களைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. மீதமிருந்த ஒரே தொழுகை வீட்டில் ஏழு பேர் வந்தார்கள். இன்னும் மூவரைப் பூங்காவில் சதுரங்கம் ஆடும் இடத்தில் பிடித்தார். அதில் ஒருவர், “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் கணக்குல வருவேனா?” என்று கேட்டார்.

“உங்க அம்மா யூதரா?”

“அதைத்தான் ஆயுசு முழுக்க எனக்குச் சொல்லிக் காட்டினாங்க.”

“அப்ப வருவீங்க. தொப்பி இருக்கா?”

கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பளவு நின்றது. ராயா மண்டியிடவில்லை, அழவில்லை. ரபி எழுதிக்கொடுத்த எபிரேய வாசகத்தைத் தானே படித்தார். அம்மா நான் உனக்குத் தப்பு பண்ணிட்டேன் என்று இத்திஷில் சொன்னார். அதோடு முடிந்தது என்று பத்துப் பேரும் நகரப் பார்த்தார்கள். அவர்களை நிறுத்திவிட்டு, கடிதத்தில் அம்மா படிக்காமல் விட்ட ஐந்து வரியை உரக்கப் படித்தார். இந்தத் தடவை திணறவில்லை.

படித்து முடித்ததும் தொழுகை வீட்டிலிருந்து வந்த கிழவர் ஒருவர் கேட்டார், “எந்த லேசர்? கால் சாய்ச்சு நடப்பானே, தகரக்காரன், அவனா?”

“அவருதான். தெரியுமா?”

“தெரியுமாவா. வில்னியஸ் போய் ஒரு பள்ளி டீச்சரைக் கட்டிக்கிட்டான். ரெண்டு பொண்ணு. எழுபத்து மூணுல செத்துப்போனான். நல்லாத்தான் இருந்தான். குண்டாகூட ஆயிட்டான்.”

ராயா அந்த இடத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாராம். அழுகை அப்போதுதான் வந்தது. பத்து ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

அடுத்த கோடையில் ராயா வேன் ஓட்ட வந்தார். இரண்டாம் நிலை வகுப்பின் பட்டியலில் தன் பெயரையும் எழுதச் சொன்னார். கண்புரை வரும்வரை இன்னும் மூன்று கோடைகள் ஓட்டினார். புதிய பெண்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து பழைய கேள்வியைக் கேட்டால், “எனக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு வகுப்பு இருக்கு, அங்க வா,” என்பார். ஜோஸ்லின் கிளீவ்லாந்தில் கணக்காளராகிவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், சபாத்தில் கூடாது என்று தெரிந்தும் சனிக்கிழமை கார் ஓட்டுவாள். ராயா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

லேசரின் மூத்த மகள் பெயர் தினா. அந்தக் கிழவர் மூலம் விலாசம் வாங்கி ராயா கடிதம் எழுதினார், ரஷ்ய மொழியில். கெட்டிலை வீசியதையும் எழுதினார். தினா பதிலில், அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார், குறி தப்பாமல் வீசினாள் என்பார் என்று எழுதியிருந்தாள். இப்போது இருவரும் மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். போன வசந்தத்தில், ராயாவைப் பார்க்க நான் சிகாகோவில் அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குச் சர்க்கரை போடலாமா கூடாதா என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

“சர்க்கரை போடறாளாம். வில்னியஸ்காரி,” என்றார்.

பிறகு எனக்குத் தட்டில் தன்னுடைய ஊறுகாயை வைத்துவிட்டு, உப்பு சரியா இருக்கா என்று கேட்டார்.